சித்தப்பா அழித்த செய்தி

சித்தப்பா: இதுதான் என் பிட்காயின் முகவரி. யாராவது அனுப்புவதென்றால் இதற்கே அனுப்பலாம் 🙂

கவின்: ஐயோ, முதலில் அதை அழியுங்கள் சித்தப்பா.

சித்தப்பா: ஏன்டா? அதில் பெயரே கிடையாதே.

கவின்: பெயர் இல்லை, சரி. ஆனால் பிட்காயினின் கணக்குப் புத்தகம் ஊருக்கே திறந்து கிடக்கிறது. 2009 ஜனவரியிலிருந்து நடந்த அத்தனை பரிமாற்றமும் அதில் இருக்கிறது. அந்த முகவரி யாருடையது என்பதை இப்போது நீங்களே சொல்லிவிட்டீர்கள்.

அத்தை: அந்தப் புத்தகத்தைத் தேடிப் பார்க்கும் இணையதளமான பிளாக் எக்ஸ்ப்ளோரரில் நான் ஒட்டிப் பார்த்துவிட்டேன். போன மாதம் மூன்று முறை வந்திருக்கிறது, ஒரு முறை போயிருக்கிறது. அண்ணிக்குத் தெரியுமா? 😄

சித்தப்பா: அழித்துவிட்டேன்.

அத்தை: 2016-இல் பிட்ஃபினெக்ஸ் என்ற கிரிப்டோ சந்தையில் திருடுபோன 1,19,754 பிட்காயினின் தடமும் அந்தப் புத்தகத்தில்தான் கிடந்தது. 2022 பிப்ரவரியில் ஆளைப் பிடித்தார்கள். ஐந்தரை வருடம் கழித்து!

கவின்: இனி ஒவ்வொரு முறையும் புது முகவரி கொடுங்கள், காசை வைத்திருக்கும் வாலெட் செயலியே உருவாக்கித் தரும். ஆனால் நாலைந்து முகவரியில் இருப்பதைச் சேர்த்து ஒரே தடவையில் அனுப்பினால், எல்லாம் ஒரே ஆளுடையது என்று யூகித்துவிடுவார்கள்.

மீனா: மொனேரோ என்று இன்னொரு கிரிப்டோ நாணயம் இருக்கிறதே, அதில் இந்தத் தொல்லை இல்லையாமே?

கவின்: ரொம்பக் குறைவு. நாம் செலவழிப்பதோடு வேறு 15 பழைய வரவுகளையும் கலந்து காட்டும், எது நிஜம் என்று வெளியாளுக்குத் தெரியாது. தொகையும் மறைந்திருக்கும்.

சித்தப்பா: அது கிடக்கட்டும். டாலர் மதிப்பை ஒட்டிய கிரிப்டோ நாணயமான டெதர் வைத்திருக்கும் என் வாலெட்டில் யாரோ துளியூண்டு காசு போட்டிருக்கிறார்கள். அனுப்பியது நான் வழக்கமாக அனுப்பும் அதே முகவரிதான்.

கவின்: அதே முகவரியா, அதே மாதிரியா? முதல் நாலு எழுத்து, கடைசி நாலு எழுத்தோடு நிற்காமல் நடுவிலும் பாருங்கள்.

சித்தப்பா: இரு.

சித்தப்பா: அடப்பாவி. நடுவில் முழுக்க வேறு.

கவின்: அதுதான் தூண்டில். அடுத்த முறை அவசரத்தில் பழைய பரிமாற்றப் பட்டியலிலிருந்து அந்த முகவரியை நகலெடுப்பீர்கள், பணம் அவனுக்குப் போய்விடும். திருப்பி வாங்க ஒரு பொத்தானும் இல்லை. சரியான முகவரியை வாலெட்டிலேயே பெயர் போட்டுச் சேமித்து வையுங்கள். பட்டியலைத் தொடவே வேண்டாம்.

மீனா: சித்தப்பா, வாலெட்டை மீட்க உதவும் அந்த 24 ரகசியச் சொற்களைத் தாளில் எழுதித்தானே வைத்திருக்கிறீர்கள்?

சித்தப்பா: தாளில் எழுதி, தொலைந்துவிடுமே என்று போனில் படமும் எடுத்து வைத்திருக்கிறேன். காட்டட்டுமா?

கவின்: வேண்டாம்!!

அத்தை: அண்ணா வேண்டாம்!

🚫 இந்தச் செய்தி நீக்கப்பட்டது

மீனா: யாரும் பார்க்கவில்லைதானே?