பள்ளிச் சுற்றுலாவில் உங்கள் மனதை விட்டுப் போகாத ஒரு நொடி எது?

மலையடிவாரம் டீச்சர்

ஏற்காடு ரோட்டின் 20 கொண்டை ஊசி வளைவுகளை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. என் மூன்றாம் வகுப்பில் ஒரு பையன், 'மொட்டு' நிலை, அதாவது அரும்பு, மொட்டு, மலர் என்ற மூன்று கற்றல் நிலைகளில் நடுவில் இருப்பவன். தொடக்க வகுப்புகளுக்கான அரசுத் திட்டமான 'எண்ணும் எழுத்தும்' பயிற்சி நூலில் பின்னோக்கி எண்ணும் பக்கம் வந்தாலே பென்சில் சீவ எழுந்து போய்விடுவான். மேலே ஏறும்போது வேன் முழுக்க ஒன்று, இரண்டு என்று பலகையைப் பார்த்துக் கத்தியது. இவன் மட்டும் வாயே திறக்கவில்லை.

இறங்கும்போது பாதிப் பேர் தூக்கம். டிரைவர் சீட்டுக்குப் பின்னால் கம்பியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவன், மெதுவாக "இருபது" என்றான். கொஞ்ச நேரத்தில், பலகை கண்ணில் படும் முன்பே, "பத்தொம்பது". அப்படியே சொல்லிக்கொண்டே வந்தான். ஒரு வளைவில் எதிரே பஸ் ஏறி வர, எங்கள் வேன் ஓரம் கட்டி நின்றது. பலகை பஸ்ஸுக்குப் பின்னால் மறைந்துவிட்டது. "டீச்சர், இது பதிமூணு. இன்னும் பன்னெண்டு இருக்கு" என்றான். பஸ் நகர்ந்ததும் பார்த்தேன். பதிமூன்றுதான்.

மறுநாள் வராந்தாவில் சாக்பீஸால் மலைப்பாதை வரைந்து, இருபதிலிருந்து ஏழு வளைவு இறங்கச் சொன்னேன். நேராகப் போய்ப் பதிமூன்றில் நின்றான். ஆனால் அதே 20 – 7 தாளில் வந்தால் இன்றும் தடுமாறுகிறான். ரோட்டில் வந்த கணக்கு தாளுக்கு வருவதற்குள் எங்கே தவறிவிடுகிறது? இதுதான் என்னை அரித்துக்கொண்டே இருக்கிறது.

அஸ்தம்பட்டி அப்பா

என் மகள் நாலாவது. ஏற்காடு பொட்டானிக்கல் கார்டனுக்குப் பள்ளியில் கூட்டிப் போனார்கள், துணைக்கு நானும் போயிருந்தேன். குடுவைச் செடியைக் காட்டி, "பூச்சி விழுந்ததும் மூடி மூடிக்கொள்ளும்" என்று சொல்லிவிட்டு வரிசையை நகர்த்தினார்கள். இவள் நகரவில்லை. ஓர் எறும்பு குடுவையின் விளிம்பில் ஊர்ந்து, வழுக்கி உள்ளே போனது. மூடி அசையவில்லை. "மூடவே இல்லைப்பா" என்று என் கையைப் பிடித்து இழுத்தாள்.

அவள் பார்த்ததுதான் சரி. அந்த மூடி, உள்ளே இருக்கும் திரவத்தில் மழைத்தண்ணீர் கலந்து நீர்த்துப் போகாமல் தடுக்கிறது. அது பொறிக் கதவு இல்லை. பூச்சியைப் பிடிப்பது வழுக்கும் விளிம்பு, செரிக்க வைப்பது உள்ளே இருக்கும் திரவம். பரீட்சையில் அதே கேள்வி வந்தது. "மூடாது" என்று எழுதியிருந்தாள். சிவப்பு மையில் தப்புப் போட்டு வந்தது. "நான் பார்த்தேன்ல?" என்று கேட்டாள். ஒரு மார்க் போனால் போகட்டும். கண்ணால் பார்த்ததை இனி நம்பலாமா என்று அந்தக் குழந்தை யோசிக்கிறதே, அதைத்தான் தாங்க முடியவில்லை.

ஐந்து ரோடு அம்மா

மேலே எழுதியவருக்கு: டீச்சரையே குறை சொல்லாதீர்கள். அத்தனை பிள்ளைகளைத் தலை எண்ணிக்கொண்டே செடியையும் விளக்குவது லேசுப்பட்ட வேலை இல்லை. அந்தச் செடியை ஒரு படம் எடுத்து, விடைத்தாளையும் எடுத்துக்கொண்டு தனியாகப் போய்ப் பேசுங்கள். வாட்ஸ்அப் குழுவில் மட்டும் போடாதீர்கள்.

என் அனுபவம் சின்னது. ஏற்காட்டில் பகோடா பாயிண்ட் என்ற காட்சிமுனையில் ஒரு குரங்கு என் மகனின் டிபன் பாக்ஸைப் பிடுங்கிக்கொண்டு போனது. சோறு போனதற்கு அவன் அழவில்லை, மூடியில் தாத்தா பேர் வெட்டியிருந்ததே என்றுதான் அழுதான்.

ஏற்காடு போகிற பள்ளிகள் தயவுசெய்து இதையெல்லாம் கவனியுங்கள். காலையில் பூரி, வடை வேண்டாம், இட்லி போதும். வாந்தி வரும் பிள்ளைகளை முன் சீட்டில் உட்கார வைத்துத் தூரத்து ரோட்டைப் பார்க்கச் சொல்லுங்கள். வண்டி திரும்புவது காதுக்குள் தெரிகிறது, கண்ணோ அசையாத சீட்டையே பார்க்கிறது. இரண்டும் ஒத்துப்போகாததால்தான் குமட்டுகிறது. செல்போன் கையில் வேண்டவே வேண்டாம். சேலம் சுமார் 280 மீட்டர் உயரம், ஏற்காடு சுமார் 1,500 மீட்டர். கீழே வெயில் அடிக்கிறதே என்று ஸ்வெட்டரை வீட்டில் வைத்துவிட்டு வராதீர்கள். சாப்பாட்டுப் பைகள் எல்லாம் வண்டிக்குள்ளேயே இருக்கட்டும், இறக்கினால் குரங்குக்குத்தான்.

ஆத்தூர் ரோடு

எப்போது பார்த்தாலும் ஏற்காடுதானா? நாங்கள் பக்கத்திலேயே ஒரு சேகோ ஆலைக்கு நடத்தியே கூட்டிப் போனோம். மரவள்ளிக் கிழங்கைத் தோல் சீவி, அரைத்து, பாலைத் தொட்டியில் தெளிய விட்டு, அடியில் தங்கும் மாவைக் குலுக்கி உருட்டி, வறுத்துக் காயவைத்தால் ஜவ்வரிசி. இதைக் கரும்பலகையில் எழுதிப் போட்டபோது ஒருவர் மனதிலும் நிற்கவில்லை.

வகுப்பில் பெயரைக் கூப்பிட்டால்கூடத் தலைகுனியும் ஒரு பெண், அம்மா அங்கே வேலை செய்கிறார். அவள் தொட்டியோரத்தில் ஈர மாவை ஒரு பிடி அள்ளி, "இறுக்குங்கடி, கல்லா இருக்கும். விடுங்க, ஓடிரும்" என்று காட்டினாள். எல்லோரும் செய்து பார்த்தார்கள். இறுக்கினால் கெட்டி, விரித்தால் விரலிடுக்கில் பாலாக வழிகிறது. வகுப்பே அவளைச் சுற்றி நின்றது. அவள் அம்மா வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மலையடிவாரம் டீச்சர், பையனுக்குத் தாளில் நேராக 20 – 7 கொடுக்காதீர்கள். முதலில் வளைவுகளையே தாளில் வரையட்டும். அப்புறம் வளைவை நிமிர்த்தி நேர்க்கோடாக்குங்கள், எண்கள் அதேதான். கடைசியில் கோட்டையும் எடுத்துவிடலாம். அவசரப்படாதீர்கள், வந்துவிடுவான்.

சேர்வராயன் மலை ஆசிரியர்

எல்லோரும் மேலே வந்த கதையையே சொல்கிறீர்கள். எங்கள் பிள்ளைகள் கீழே போன கதை இது. காப்பிப் பழம் எந்த நிறத்தில் பறிக்கலாம், மிளகுக் கொடி எந்த மரத்தில் நன்றாக ஏறும் எல்லாம் அவர்களுக்கு அத்துபடி. ரயிலைத்தான் பார்த்ததில்லை. அனுமதி வாங்கி சேலம் ஜங்ஷனுக்குக் கூட்டிப் போனேன்.

ரயில் வந்ததும் குதிப்பார்கள் என்று நினைத்தேன், குதித்தார்கள். ஒரு பெண் மட்டும் குனிந்து தண்டவாளத்தையே பார்த்தாள். "சார், இந்தக் கல்லு ஓடைக்கல் மாதிரி வழவழன்னு இல்லையே, ஏன்?" எனக்குத் தெரியவில்லை. அங்கிருந்த ரயில்வே ஊழியரிடம் அவளையே கேட்க வைத்தேன். முனை முனையாக இருந்தால்தான் கல் ஒன்றோடொன்று பூட்டிக்கொள்ளும், உருண்டைக் கல் பாரத்தில் உருண்டுவிடும் என்றார். ரயிலின் எடையைப் பரப்பி, மழைத்தண்ணீரை வடியவிடுவதும் இந்த ஜல்லிதான் என்று பொறுமையாகச் சொன்னார்.

திங்கட்கிழமை பள்ளிக்கு வந்தால், மைதானத்தில் ஓடைக்கல் ஒரு குவியல், உடைத்த ஜல்லி ஒரு குவியல். ஏறி நின்று எது சரிகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். பாடநூலில் இல்லாத பாடம், ஒரு வாரம் ஓடியது.

ஆத்தூர் ரோடு நண்பரே, அந்த சேகோ ஆலையில் எங்கள் பிள்ளைகளையும் அனுமதிப்பார்களா? யாரிடம் கேட்க வேண்டும், அரவை எந்த மாதம் வரை ஓடும் என்று சொன்னால் இப்போதே பெற்றோரிடம் பேசிவிடுவேன்.