ஐஸ்லாந்து பக்கி டூர்: கைடு போட்ட தடத்தை விட்டு நகரவே கூடாதா?

திருச்சி ரைடர்:
ஐஸ்லாந்து பக்கி (கூண்டு போட்ட, கரடுமுரடான தடத்தில் ஓட்டும் சிறிய நாலு சக்கர வண்டி) டூரைப் பற்றி இங்கே ஆளாளுக்கு ஆகா ஓகோ என்று எழுதியதை நம்பி அக்டோபர் கடைசியில் போய் வந்தேன். சுத்த ஏமாற்றம். தலைநகர் ரெய்க்யவிக்கிலிருந்து அரை மணி நேரத்துக்குள் இருக்கும் மலைப் பக்கம், எதிரே எஸ்யா மலை, முன்னால் கைடு, பின்னால் வரிசையாக நாங்கள். அவன் போட்ட டயர் தடத்தை விட்டு ஒரு அடி நகரக் கூடாதாம். ஒரு வளைவுக்குப் பிறகு வலது பக்கம் முழுக்கப் பனி மூடிய வெட்டவெளி. சும்மா கொஞ்ச தூரம் உள்ளே போய் ஒரு வட்டம் அடித்துத் திரும்பி வந்தேன். அவ்வளவுதான். மொத்த வரிசையையும் நிறுத்தி, ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு வந்து, என் மனைவி முன்னாலேயே, இன்னொரு தடவை செய்தால் உங்களைப் பக்கத்து சீட்டில் உட்கார வைத்துவிடுவேன் என்கிறான். காரணம் கேட்டால் பனிக்கு அடியில் தரையைப் போர்த்தியிருக்கும் பாசி (moss) செத்துவிடுமாம். பனிக்கு மேலேதானே ஐயா போனேன், பாசியை நான் கண்ணாலேயே பார்க்கவில்லை. இவ்வளவு பணம் வாங்கிக்கொண்டு ரயில் பெட்டி மாதிரி இழுத்துப் போவதற்கு எதற்கு ஸ்டீயரிங்கைக் கையில் கொடுக்க வேண்டும்? யாரும் போகாதீர்கள்.

வடதுருவம்:
ரெய்க்யவிக்கில்தான் இருக்கிறேன், அதனால் எரிச்சலோடுதான் எழுதுகிறேன். "பனிக்கு மேலேதானே போனேன்" என்று எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டீர்கள். இந்த நாட்டில் சாலையையும் அனுமதித்த தடத்தையும் விட்டு இறங்கி வண்டி ஓட்டுவது குற்றம். 2013-ஆம் ஆண்டின் 60-ஆம் எண் இயற்கைப் பாதுகாப்புச் சட்டம், 31-ஆம் பிரிவு. பனிமேல் ஓட்டுவதற்கு விதிவிலக்கு உண்டு, ஆனால் அதில் இரண்டு நிபந்தனை. மேலே பனி மூடியிருக்க வேண்டும், கீழே தரை உறைந்திருக்க வேண்டும். நீங்கள் வட்டம் அடித்த இடத்தில் தரை உறைந்திருந்ததா? இதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள்.

திருச்சி ரைடர்:
பனி இருந்தது சார். வெள்ளையாக, கணுக்கால் அளவுக்கு. போட்டோ இருக்கிறது.

வடதுருவம்:
பனியைக் கேட்கவில்லை. தரையைக் கேட்டேன். உறைந்திருந்ததா?

கருப்புமணல்:
நான் ரைடர் பக்கம். ஐஸ்லாந்தில் கோடையில் குட்டிகளையும் சேர்த்தால் மனிதர்களைவிட ஆடுகள் அதிகம். கோடை முழுவதும் மலையில் அவிழ்த்துவிட்டு, செப்டம்பரில்தான் ஊரே கூடி ஓட்டி வருகிறார்கள். அத்தனை ஆடும் பாசியைச் சுற்றிக்கொண்டா போகின்றன? மனிதர்கள் குடியேறிய காலத்தில் நாட்டில் நாலில் ஒரு பங்குக்குக் குறையாமல் பிர்ச் மரக் காடு இருந்தது என்று அவர்களே சொல்கிறார்கள். அதை அழித்தது பக்கியா? வெட்டி எரித்தது அவர்கள், மேய்த்தது அவர்கள். ஆயிரம் வருடம் தின்று தீர்த்துவிட்டு, நம்மாள் ஒரு வட்டம் அடித்ததற்குச் சட்டப்பிரிவு சொல்கிறார்கள்.

வடதுருவம்:
ஆட்டை இழுக்காதீர்கள். ஆடு மேய்ந்து காடும் போனதால் மண் காற்றில் பறந்து பண்ணைகளே கைவிடப்பட்டன, அதைப் பார்த்துப் பயந்துதான் 1907-லேயே மண் பாதுகாப்புக்கு என்று தனி அரசுத்துறை தொடங்கினார்கள். அந்த வகைத் துறைகளில் உலகத்திலேயே மிகப் பழையவற்றில் ஒன்றாக இருந்தது அது. ஏற்கெனவே அடிபட்ட தரை என்பதால்தான் இவ்வளவு கெடுபிடி. இந்த மண் எரிமலைச் சாம்பலில் உண்டானது, களிமண் மாதிரி ஒன்றோடொன்று பிடித்துக்கொள்ளாது. மேலே இருக்கும் பாசிப் போர்வைதான் அதைப் பிடித்து வைத்திருக்கிறது. டயர் அதைக் கிழித்தால் தண்ணீர் அந்தக் கோட்டில் ஓடும், குளிரில் உறைந்து மண்ணைத் தூக்கும், காற்று மிச்சத்தை அள்ளிப் போகும். தடம் ஆறாமல் இன்னும் பெரிதாகும். 1783-ல் லாக்கி வெடித்து ஓடிய எரிமலைக் குழம்பின் மேல் இன்றைக்கும் பெரும்பாலும் அந்தச் சாம்பல் பச்சைப் பாசிதான் இருக்கிறது, 240 வருடம் ஆகியும். சரி, ரைடர், தரை உறைந்திருந்ததா?

திருச்சி ரைடர்:
நான் என்ன மண்வெட்டி எடுத்துக்கொண்டா போனேன் தோண்டிப் பார்க்க? குளிர் அப்படி இருந்தது. மூக்கு மரத்துப்போனது. அவர்கள் கொடுத்த ஓவரால், முகமூடி, கையுறை எல்லாம் போட்டும் கால் விரல் உணர்வே இல்லை. அந்தக் குளிரில் தரை உறையாமல் என்ன செய்யும்?

வடதுருவம்:
இதுதான் பிரச்சினையே. ரெய்க்யவிக்கில் ஜனவரி மாத சராசரியே பூஜ்யத்தை ஒட்டித்தான் இருக்கும். வெதுவெதுப்பான கடல் நீரோட்டம் அப்படி. அக்டோபர் கடைசியில் ராத்திரி பனி கொட்டும், மத்தியானம் மழை பெய்யும், மறுபடி பனி. மேலே கணுக்கால் அளவு வெள்ளையாக இருக்கும்போதே கீழே மண் சொதசொத என்று இருக்கும். பனி போர்வை மாதிரி மூடிக்கொள்வதால் கீழே உறையாமலே கிடக்கும். உங்கள் மூக்கு மரத்துப்போனது காற்றால், திறந்த வண்டியில் நாற்பது ஐம்பது கிலோமீட்டர் வேகத்தில் போனதால். மூக்கு உறைந்ததற்கும் தரை உறைந்ததற்கும் சம்பந்தம் இல்லை.

கொடைக்கானல் கோபி:
நடுவில் ஒரு சந்தேகம். எஸ்யா எவ்வளவு உயரம்? 914 மீட்டர். இதையா "மலை, மலை" என்று எழுதுகிறீர்கள்? எங்கள் கொடைக்கானலே சுமார் 2,100 மீட்டர். அங்கே ஜீப்பில் போனால் யாரும் தலைப்பு போட்டு எழுத மாட்டார்கள்.

வடதுருவம்:
கோபி, வடக்கு அட்சரேகை 64-ல் நின்றுகொண்டு உயரத்தை மட்டும் அளக்காதீர்கள். கொடையில் 2,100 மீட்டரில் சோலைக்காடு வளர்கிறது. இங்கே எஸ்யாவில் பாதி ஏறுவதற்குள் மரம் என்று ஒன்று இருக்காது. உச்சியில் அடிக்கும் காற்றில் நேராக நிற்கக்கூட முடியாத நாட்கள் உண்டு.

கொடைக்கானல் கோபி:
மரம் இல்லாததற்குக் காரணம் ஆடு என்று இப்போதுதானே மேலே சொன்னீர்கள்? ஒன்றில் நில்லுங்கள்.

வடதுருவம்:
இரண்டும்தான். தாழ்வான இடத்தில் ஆடும் கோடரியும், மேலே குளிரும் காற்றும். புரியாமல் மடக்காதீர்கள்.

லே லடாக் மோகன்:
குளிரைப் பற்றி நீங்கள் இருவரும் பேசுவதே வேடிக்கை. லடாக்கின் நுப்ராவில் ஹுண்டர் மணல்மேட்டில் ஏடிவி (பக்கி மாதிரி, பைக் போல உட்கார்ந்து ஓட்டும் நாலு சக்கர வண்டி) ஓட்டியிருக்கிறேன், 3,000 மீட்டருக்கு மேல், மூச்சு வாங்கும். அங்கே கைடு பின்னால் போ, முன்னால் போ என்று யாரும் சொல்லவில்லை, பணம் கொடுத்தோம், ஆசை தீர ஓட்டினோம்.

வடதுருவம்:
அப்படி ஆசை தீர ஓட்டியதன் பலன் தெரியும்தானே. 2022-ல் பாங்காங் ஏரித் தண்ணீருக்குள்ளேயே சொகுசுக் காரை இறக்கி, மேஜை போட்டுக் கொண்டாடிய காணொளியை நாடே திட்டியது. ஆள் இல்லாத இடம் என்றால் யாருக்கும் சொந்தமில்லாத இடம் என்று நினைப்பது எங்கே போனாலும் போகாத வியாதி.

லே லடாக் மோகன்:
ஏரிக்குள் இறக்கியது நான் இல்லை. மணல்மேட்டில் பாசி இல்லை. எதையாவது சேர்த்துப் பேசி எல்லாரையும் குற்றவாளி ஆக்குவது உங்கள் வழக்கம். போன வருடம் இங்கே டயர் செயின் பற்றிய விவாத இழையிலும் இதே மாதிரிதான் என்னை மட்டம் தட்டினீர்கள், நான் மறக்கவில்லை.

வடதுருவம்:
டயர் செயின் இழையில் நீங்கள் சொன்னது தவறு. இன்றைக்கும் தவறுதான்.

ஜெயா:
தம்பிகளா, ஒரு நிமிடம். நானும் என் மகளும் போயிருக்கிறோம். ரைடர் தம்பிக்கு ஒன்று சொல்ல வேண்டும், பாசியை விடுங்கள், நீங்கள் வட்டம் அடித்தது பக்கத்தில் இருந்த உங்கள் மனைவிக்கே ஆபத்து. பனி மூடிய இடத்தில் கீழே பள்ளமா, எரிமலைப் பாறையா, ஓடையா என்று தெரியாது. பக்கி பார்க்கத்தான் பெரிய கூண்டு. சட்டென்று திருப்பி முன் சக்கரம் கல்லில் தட்டினால் பக்கவாட்டில் உருண்டுவிடும். அந்த நேரம் வெளியே கை நீட்டி ஊன்றப் பார்ப்பதுதான் மனித இயல்பு, கூண்டுக்கும் தரைக்கும் நடுவில் கை மாட்டும். கிளம்பும் முன் எங்கள் கைடு பெல்ட்டை அவரே இழுத்துப் பார்த்துவிட்டு, என்ன ஆனாலும் கை உள்ளே என்றுதான் திரும்பத் திரும்பச் சொன்னார். முன்வண்டித் தடத்தில் போகச் சொல்வது அதற்காகவும்தான். அப்புறம் இடைவெளி. ஒட்டிப் போனால் முன் டயர் எறியும் சேறும் சரளையும் நேராக முகத்துக்கு வரும்.

திருச்சி ரைடர்:
அக்கா, உங்கள் அக்கறைக்கு நன்றி. ஆனால் எனக்கு இருபது வருட ஓட்டுநர் அனுபவம், வால்பாறை, ஏலகிரி, கொல்லிமலை எழுபது வளைவும் ராத்திரியில் ஏறியவன். ஆட்டோமேட்டிக் பக்கி ஒன்றும் ராக்கெட் இல்லை. நான் கேட்டது பாசியைப் பற்றி.

கருப்புமணல்:
அதேதான். இன்னொன்று, பக்கி கனமான வண்டியே இல்லை. அகலமான டயர், காற்றும் குறைவு. இதே ஐஸ்லாந்தில் ராட்சத டயர் மாட்டிய சூப்பர் ஜீப்காரர்கள் டயர் காற்றை மூன்று நாலு பிஎஸ்ஐ வரை இறக்கிவிட்டு பனிப்பாறை மேலேயே போகிறார்கள். அதை யாரும் கேட்கவில்லையே?

வடதுருவம்:
பனிப்பாறை மேலே சட்டமே அனுமதிக்கிறது, அதே 31-ஆம் பிரிவில். பனிப்பாறைக்கு மேல் பாசி இல்லை. டயர் அழுத்தம் அவ்வளவு பெரிய விஷயமும் இல்லை. நேராக மெதுவாக உருளும் சக்கரம் அமுக்கும், அவ்வளவுதான். ஆக்சிலேட்டரை மிதித்து வட்டம் அடிக்கும்போது பின் சக்கரம் சுழன்று பக்கவாட்டில் அரைக்கும். அந்த டயரில் இருக்கும் கட்டைகள் சேற்றைத் தோண்டத்தான் இருக்கின்றன. பாசியை வேரோடு பிடுங்க என்று எழுத வந்தேன், அதற்கு வேரே கிடையாது, அதனால்தான் அப்படியே பாய் மாதிரி உரிந்து வருகிறது. தரை உறைந்திருந்தால் உரியாது. உறையவில்லை என்றால் உரியும். அதனால்தான் விடாமல் கேட்கிறேன், உறைந்திருந்ததா?

திருச்சி ரைடர்:
நீங்கள் என்ன ஐஸ்லாந்து போலீஸா?

வடதுருவம்:
போலீஸ் பிடித்திருந்தால் நீங்கள் இங்கே எழுதியிருக்க மாட்டீர்கள், அபராதத்தைக் கணக்குப் பார்த்துக்கொண்டு இருந்திருப்பீர்கள். சட்டத்தில் சிறைக்கும் இடம் இருக்கிறது. கைடு கத்தியது உங்களை அவமானப்படுத்த இல்லை. ஒருவர் விலகினால் பின்னால் வருபவர்களும் ஆசைப்பட்டு விலகுவார்கள், அந்தத் தடத்தைப் பார்த்து அடுத்த நாள் வாடகைக் காரில் வருபவன், இங்கே வழி இருக்கிறது போல என்று உள்ளே விடுவான். சோல்ஹெய்மசாண்டூர் கருப்பு மணலில் 1973-ல் இறங்கிய அமெரிக்கக் கடற்படை விமானக் கூடு கிடக்கிறதே, அதைப் பார்க்க முன்பு கார் போகும். ஆளாளுக்கு இஷ்டப்பட்ட பக்கம் ஓட்டினார்கள், நில உரிமையாளர்கள் 2016-ல் கார்ப் பாதையையே மூடிவிட்டார்கள். இப்போது நடந்து போனால் ஒரு பக்கத்துக்கே ஏறத்தாழ நாலு கிலோமீட்டர். ஃப்யாத்ரார்க்ளூஃபூர் பள்ளத்தாக்கு ஒரு பாப் பாடகரின் காணொளியில் வந்து கூட்டம் ஏறி, செடிகொடி மிதிபட்டு 2019-ல் சில மாதம் மூடிக் கிடந்தது. அங்கே கூட்டம் காலால் நடந்தே அந்தக் கதி. நீங்கள் பக்கியில் போயிருக்கிறீர்கள். இங்கே இயற்கைக் காப்பக ஊழியர்களும் தன்னார்வலர்களும் மண் வாரும் ரேக்கை எடுத்துக்கொண்டு போய், யாரோ போட்ட டயர் தடத்தைக் கையால் சமன் செய்கிறார்கள். அதைப் பார்த்த பிறகு எனக்கு இதில் பொறுமை கிடையாது.

கருப்புமணல்:
நீளமாக எழுதினால் உண்மையாகிவிடாது. ஒரு பக்கி, ஒரு வட்டம். ஒரே ஒரு வட்டம்.

வடதுருவம்:
எல்லாரும் ஒரே ஒரு வட்டம்தான் அடிக்கிறார்கள்.

கொடைக்கானல் கோபி:
அப்படியானால் பக்கி டூரையே தடை செய்ய வேண்டியதுதானே? காசு வாங்கும்போது பாசி நினைவுக்கு வராதா? இரண்டு பக்கமும் லாபம் வேண்டும் அவர்களுக்கு.

வடதுருவம்:
அனுமதித்த பழைய சரளைத் தடத்தில் ஓட்டுகிறார்கள், அதற்குத்தான் பணம். சேறு, ஓடைக் கடப்பு, மேட்டில் ஏறினால் ஊர் முழுக்க, கடல், எதிர்க்கரை மலை எல்லாம் தெரியும். ஏப்ரல் மே பனி உருகும் காலத்தில் நடைபாதைகளைக்கூடச் சில இடங்களில் மூடுகிறார்கள், மேட்டுநிலச் சாலைகள் ஜூன் வரைக்கும்கூடத் திறப்பதில்லை. இவ்வளவு கவனமாக இருப்பதால்தான் ஓட்டுவதற்கு ஏதோ மிச்சம் இருக்கிறது.

ஊட்டி பிரவீன்:
புதியவன், மன்னிக்கவும். நான் பிப்ரவரியில் போகிறேன். பக்கி ஓட்ட இந்திய லைசென்ஸ் போதுமா? என்ன போட்டுக்கொள்ள வேண்டும்?

ஜெயா:
கார் ஓட்டும் லைசென்ஸை அசலாகக் கையில் வைத்துக்கொள்ளுங்கள் தம்பி, சர்வதேச பெர்மிட்டும் எடுத்துவிட்டால் கவலை இல்லை. உள்ளே கம்பளி உடை, பருத்தி வேண்டாம், நனைந்தால் காயாது. இரண்டு ஜோடி சாக்ஸ் போட்டு ஷூவை இறுக்கிவிடாதீர்கள், ரத்த ஓட்டம் நின்றுதான் விரல் மரக்கும். ரைடர் தம்பிக்கும் அதுதான் நடந்திருக்கும்.

திருச்சி ரைடர்:
என் ஷூ சரியாகத்தான் இருந்தது. பிரவீன், பணத்தை வீணாக்காதீர்கள், அந்தக் காசுக்கு வாடகைக் கார் எடுத்து நீங்களே சுற்றுங்கள்.

வடதுருவம்:
பிரவீன், தாராளமாகப் போங்கள். பிப்ரவரி தொடக்கத்தில் பகல் ஏழு மணி நேரத்தை ஒட்டித்தான் இருக்கும், மாதக் கடைசியில்தான் பத்தை எட்டும், அதனால் மத்தியான நேரம் பதிவு செய்யுங்கள். கைடு நிறுத்தினால் நில்லுங்கள். கார் எடுத்துச் சுற்று என்பவர் பேச்சைக் கேட்டு எங்காவது பனியில் இறக்கிவிடாதீர்கள், அவரால் இன்னும் ஒரு கேள்விக்கே பதில் சொல்ல முடியவில்லை.

திருச்சி ரைடர்:
பதில் சொல்லிவிட்டேன். பனி இருந்தது.

வடதுருவம்:
தரை?

லே லடாக் மோகன்:
டயர் செயின் இழையின் சுட்டி யாரிடமாவது இருக்கிறதா? அதில் யார் சொன்னது சரி என்று எல்லாரும் பார்க்கட்டும்.