30க்கு 60 ஷெட்டைக் கழற்றி வேறு தோட்டத்தில் நிறுத்தினோம், உங்கள் அனுபவத்தையும் எழுதுங்கள்

குத்தகைத் தோட்டத்தில் நாங்கள் போட்டிருந்த கொப்பரை ஷெட்டை, 22 கிலோமீட்டர் தள்ளி உடுமலைப் பக்கம் வாங்கிய சொந்த இடத்துக்குக் கொண்டுபோய் நிறுத்தி முடித்துவிட்டோம். ஆரம்பிப்பதற்கு முன்னால் இதைச் செய்தவர்கள் யாராவது எழுதியிருக்கிறார்களா என்று தேடினேன். புது ஷெட் போடுவது பற்றி நிறைய இருந்தது, இருக்கிறதைப் பெயர்த்துக்கொண்டு போவது பற்றி உருப்படியாக ஒன்றும் கிடைக்கவில்லை. அதனால் நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

ஷெட் 30 அடி அகலம், 60 அடி நீளம். 12 அடி உயரத்தில் 14 தூண், அதன் மேல் 7 டிரஸ் (கூரையைத் தாங்கும் முக்கோண இரும்புச் சட்டம்), கூரைக்குக் கலர் ஷீட். சுற்றிலும் இருந்த ஹாலோபிளாக் சுவரை விட்டுவிடுவது என்று முதலிலேயே முடிவு செய்தோம், அதை உடைத்தால் கல் தேறாது. போட்டு எட்டு வருடம்தான் ஆகிறது, இரும்பில் துரு இல்லை. அதே அளவில் புதிதாகப் போட ஐந்தரை லட்சம் கேட்டார்கள், கழற்றி மாட்ட இரண்டு லட்சத்துக்குள் முடியும் என்று வெல்டர் அண்ணன் சொன்னார். கடைசியில் இரண்டரை ஆனது. அந்த அரை லட்சமும் என்னுடைய ஒரே ஒரு தவறால் போனது, அதைச் சொல்லத்தான் இவ்வளவு எழுதுகிறேன்.

புது இடத்தில் முதலில் தூணுக்குக் குழி எடுத்து, கான்கிரீட் போட்டு, ஃபவுண்டேஷன் போல்ட் நட்டு வைத்துவிட்டால், கழற்றிய கையோடு கொண்டுபோய் நிறுத்திவிடலாம் என்று கணக்குப் போட்டேன். கணக்கு சரிதான். ஆனால் பழைய ஷெட்டுக்கு வரைந்திருந்த பிளானை எடுத்து, அதில் டிரஸ்ஸுக்கு டிரஸ் 10 அடி என்று இருந்ததை வைத்துக் குழி போட்டேன். புது இடத்தில் மூலை மட்டமும் மிகச் சரியாகப் பார்த்தோம். 30க்கு 60 என்றால் மூலைக்கு மூலை குறுக்கு அளவு இரண்டு பக்கமும் 67 அடி 1 அங்குலம் வர வேண்டும், நூல் பிடித்து மூன்று தடவை அளந்தோம், வந்தது. நிம்மதியாகக் கான்கிரீட் போட்டுவிட்டோம்.

அப்புறம்தான் வெல்டர் அண்ணன் பழைய ஷெட்டை டேப் பிடித்து அளந்துவிட்டுக் கேட்டார்: "ஏனுங்க தம்பி, இங்க ஒரு கட்டம் ஒன்பதே முக்கால் அடி, அடுத்தது பத்தேகால். நீங்க அங்க எத்தனைக்குப் போட்டிருக்கீங்க?"

எட்டு வருடத்துக்கு முன்னால் போட்டவர்கள் கண்மட்டத்தில் தூண் நட்டிருக்கிறார்கள். குறுக்கு அளவே நான்கு அங்குலம் வித்தியாசம். நின்றிருந்தவரை அது யாருக்கும் தெரியவில்லை, ஏனென்றால் டிரஸ்ஸுக்கு டிரஸ் குறுக்கே ஓடி ஷீட்டைத் தாங்கும் பர்லின் பைப்பை அந்த இடைவெளிக்கு ஏற்றபடி வெட்டி, ஷீட்டையும் அந்தக் கோணலுக்கு ஏற்றபடி ஓரம் சீவி மாட்டியிருந்தார்கள். பழைய ஷெட் கோணல் என்றால் அதன் ஒவ்வொரு துண்டும் அந்தக் கோணலுக்குப் பொருந்தும்படி வெட்டப்பட்டது. அதை நேரான அஸ்திவாரத்தில் கொண்டுபோய் மாட்டினால், பர்லின் ஜாயின்ட் டிரஸ் மேல் உட்காராமல் இரண்டு மூன்று அங்குலம் தள்ளி அந்தரத்தில் நிற்கும், ஷீட்டின் பழைய ஓட்டைகளும் பர்லின் மேல் வராது. நான்கு தூணுக்கு பேஸ் பிளேட் (தூணின் அடித்தகடு) ஓட்டையை நீளமாகச் சீவிச் சமாளித்தோம். இரண்டு குழியை உடைத்துத் திரும்பப் போட வேண்டியதாயிற்று. பர்லினில் சிலவற்றுக்குத் துண்டு வைத்து வெல்டிங். எல்லாமாகச் சேர்ந்து பதினாறு நாள் போய்விட்டது.

அந்தப் பதினாறு நாளின் அருமை இந்தப் பக்கத்துக்காரர்களுக்குத் தெரியும். வைகாசி நடுவில் முடிய வேண்டிய வேலை ஆனிக்குப் போய்விட்டது. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் தென்மேற்குக் காற்று எங்கள் ஊரில் அப்போதே வேகமெடுத்துவிடும், இத்தனை காற்றாலைகள் இங்கே நிற்பதே அதனால்தான். 18 அடி ஷீட் ஒன்று ஏறத்தாழ 25 கிலோ. இரண்டு பேர் தூக்கக்கூடிய எடைதான். ஆனால் காற்று அடியில் புகுந்தால் இரண்டு பேரையும் சேர்த்துத் தூக்கும். ஒரு நாள் பதினொரு மணிக்கு மேல், இன்னும் நான்கு ஷீட்தானே என்று ஏற்றினோம். மேலே போன ஒன்று கையை விட்டுப் போய் பக்கத்துத் தோப்பில் ஒரு தென்னையில் மோதி மடங்கி விழுந்தது. கீழே அந்த நேரம் யாரும் இல்லை. அன்றைக்கு அதற்கு மேல் எனக்கு வேலை பார்க்க மனம் வரவில்லை, ஆட்களுக்கு முழுச் சம்பளம் கொடுத்து அனுப்பிவிட்டேன். மறுநாளிலிருந்து விடியற்காலை ஆறு மணிக்கு ஏறி ஒன்பதரைக்குள் இறங்கிவிடுவது என்று வைத்துக்கொண்டோம்.

கழற்றும்போது கவனிக்க வேண்டியது டிரஸ். ஷீட் போன பிறகு டிரஸ்களைச் சாயாமல் பிடித்து வைத்திருப்பது பர்லின்தான். வேகமாக முடியட்டும் என்று பர்லினை எல்லாம் ஒரே மூச்சில் வெட்டினால், ஒன்று சாய்ந்து அடுத்ததையும் தள்ளிக்கொண்டு போகும். ஒரு கடைசியில் ஆரம்பித்து, ஒரு கட்டத்துப் பர்லினை மட்டும் வெட்டி, அந்த டிரஸ்ஸை ஹைட்ரா கிரேன் பிடித்து இறக்கிய பிறகுதான் அடுத்த கட்டம். கடைசி இரண்டு டிரஸ்ஸுக்கு நான்கு பக்கமும் கயிறு கட்டி வைத்தோம், அதில் ஒன்று ஆடத்தான் செய்தது, கயிறு பிடித்துக்கொண்டது.

30 அடி டிரஸ் முழுசாக எங்கள் லாரியில் ஏறாது, வண்டிக்கு வெளியே இரும்பை நீட்டிக்கொண்டு போவது சட்டப்படியும் கூடாது, ஆபத்தும் கூட. அதனால் ஒவ்வொன்றையும் முகட்டில் நடுவாக வெட்டி இரண்டு பாதியாக ஏற்றி, அங்கே போய் இரண்டு பக்கமும் பிளேட் வைத்து போல்ட் போட்டு, வெல்டிங்கும் வைத்தோம். தோட்டத்துக்குள் போகும் தடத்தில் ஒரு இடத்தில் ஈபி ஒயர் தாழ்வாகத் தொங்கியது. மூங்கிலால் தூக்கிப் பிடிக்கிறேன் என்று ஒரு பையன் வந்தான், வேண்டவே வேண்டாம் என்று சொல்லிவிட்டு லைன்மேனுக்குப் போன் போட்டு, அவர் வந்து லைனை நிறுத்திய பிறகுதான் வண்டியை விட்டோம். ஒன்றரை மணி நேரம் காத்திருந்தோம், பரவாயில்லை.

எண் போடுவதற்குச் சாக்பீஸ் வேண்டாம். இடையில் ஒரு மழை பெய்து பாதி எண் அழிந்துவிட்டது. பெயின்ட்டில் எழுதி, தூணுக்கும் டிரஸ்ஸுக்கும் எது கிழக்கு முகம் என்று ஒரு அம்புக்குறியும் போட்டுவிடுங்கள்.

இன்னொன்று. பழைய இடம் செம்மண், புது இடம் கரிசல். கரிசல் மண் மழையில் உப்பும், வெயிலில் பிளக்கும், பழைய குழியின் ஆழம் இங்கே பத்தாது. செம்மண்ணில் மூன்றடி எடுத்திருந்ததை இங்கே ஐந்தடிக்கு இறக்கி, அடியில் கிராவல் கொட்டித் திமிசுக் கட்டையால் இடித்து இறுக்கினோம்.

வேறு யாராவது செய்திருந்தால் எழுதுங்கள், குறிப்பாக ஒழுகல் விஷயம்.

*

பல்லடம் பக்கம் தறி ஷெட் மாற்றியவன். எங்களுடையது ஆஸ்பெஸ்டாஸ், இருபது வருடப் பழசு. தயவுசெய்து அந்த ஷீட்டைத் திரும்ப மாட்ட ஆசைப்படாதீர்கள். ஷீட்டைப் பிடித்திருக்கும் ஜே போல்ட் துருப்பிடித்து இறுகியிருந்ததால் ஆட்கள் சுத்தியலால் தட்டித் தட்டி எடுத்தார்கள், பாதி ஷீட் உடைந்தது, அந்தத் தூசி முழுக்கக் காற்றில். ஆஸ்பெஸ்டாஸில் எந்த வகையாக இருந்தாலும் அதன் தூசி புற்றுநோய் தரக்கூடியது என்று உலக சுகாதார நிறுவனமே சொல்கிறது. எனக்கு அப்போது தெரியாது, என் அப்பாவும் அங்கேயேதான் நின்றுகொண்டிருந்தார். இப்போது நினைத்தாலும் கஷ்டமாக இருக்கிறது. எடுத்தே ஆக வேண்டும் என்றால் தண்ணீர் அடித்து நனைத்துக்கொண்டே, போல்ட்டை மட்டும் வெட்டி, ஷீட்டை உடைக்காமல் இறக்குங்கள். உடைந்த துண்டைத் தடத்துக் குழியில் கொட்டி நிரவாதீர்கள், வண்டி ஏற ஏற அது பொடியாகிக்கொண்டே இருக்கும்.

*

நாங்கள் கழற்றவே இல்லை, முழுசாகத் தூக்கினோம். 10க்கு 12 உரம் வைக்கும் இரும்பு ஷெட், ஹைட்ரா வைத்துத் தூக்கி டிரெய்லரில் வைத்தோம். தூக்குவதற்கு முன்னால் நான்கு தூணுக்கும் அடியில் குறுக்காகச் சேனல் வைத்து வெல்டிங் அடித்துவிட வேண்டும், இல்லாவிட்டால் தூக்கும்போது கால் அகன்றுவிடும். ரோட்டில் கொண்டுபோக முடியவில்லை, 10 அடி என்றால் 3 மீட்டர் ஆகிவிடுகிறது, வண்டி அகலம் 2.6 மீட்டருக்கு மேல் போகக்கூடாது. எங்களுக்கு இரண்டு காடும் பக்கத்துப் பக்கத்தில் இருந்ததால் உழவுக்கு முன்னால் காட்டு வழியாகவே இழுத்துப் போய்விட்டோம். தூரம் என்றால் அண்ணன் சொன்ன மாதிரி கழற்றுவதுதான் வழி.

*

குத்தகை இடம் என்றீர்கள், நில உரிமையாளர் ஒன்றும் சொல்லவில்லையா? எங்களுக்கு அதில்தான் ஒரு வருடம் போனது. "மண்ணில் நட்டது மண்ணோடு" என்று சொல்லிவிட்டார். 1882ஆம் வருடச் சொத்து மாற்றுச் சட்டத்தில் 108ஆவது பிரிவு, குத்தகைக்காரர் தான் நிலத்தில் பொருத்தியதை, இடம் தன் கைவசம் இருக்கும்வரை எடுத்துக்கொள்ளலாம், இடத்தை முன்பு இருந்தபடி விட வேண்டும் என்கிறது. இடத்தை ஒப்படைத்துவிட்டு அப்புறம் போய்க் கேட்டால் முடியாது. விவசாயக் குத்தகைக்கு அந்தப் பிரிவு நேராகப் பொருந்தாது என்று வக்கீல் சொன்னார் (117ஆவது பிரிவு). ஆகவே ஷெட் யாருடையது என்று குத்தகைப் பத்திரத்திலேயே ஒரு வரி எழுதி வாங்கிவிடுங்கள். எங்களிடம் அந்த வரி இல்லை. கடைசியில் பாதி விலை கொடுத்து எங்கள் ஷெட்டை நாங்களே வாங்கினோம்.

*

முதலில் எழுதியவன். படிக்கவே வருத்தமாக இருக்கிறதுங்க. எங்களுடையவர் நல்ல மனிதர், "குழியை மட்டும் மூடிக் கொடுத்துடு கண்ணு" என்றார். 14 கான்கிரீட்டையும் பிரேக்கர் வைத்து எடுத்து மண் நிரப்பிக் கொடுத்தோம்.

ஒழுகல் பற்றி இரண்டு பேர் தனியாகக் கேட்டிருந்தீர்கள். பழைய ஓட்டைகளில் கொஞ்சம் பெரிய ஸ்க்ரூவாகப் புது ரப்பர் வாஷரோடு போட்டோம், சேராத ஓட்டைகளை ரிவெட் அடித்து சிலிகான் வைத்து மூடினோம். ஐப்பசி மழையில் மூன்று இடம் சொட்டியது. கொப்பரையில் 6 சதவீதத்துக்கு மேல் ஈரம் இருக்கக்கூடாது, சொட்டு விழுந்த மூட்டையில் பூஞ்சை வந்துவிடும், அதனால் ராத்திரியே டார்ச் எடுத்துக்கொண்டு போய்ப் பார்த்தோம். இரண்டு இடம் ஸ்க்ரூ முறுக்கியதும் நின்றுவிட்டது. மூன்றாவது இடத்துக்கு நேர் மேலே ஷீட்டில் ஓட்டையே இல்லை. இரண்டு நாள் தேடினோம். பர்லின் சதுர பைப் இல்லையா, அதன் மேல் முகத்தில் எட்டு வருடத்துக்கு முன்பு போட்ட ஸ்க்ரூ ஓட்டை ஒன்று திறந்தே இருந்திருக்கிறது. ஷீட் ஜாயின்ட்டில் கசிந்த தண்ணீர் அதற்குள் இறங்கி, பைப்புக்குள்ளேயே ஏழடி ஓடி, அடுத்த ஜாயின்ட்டில் வந்து சொட்டியிருக்கிறது. ஷீட்டை ஏற்றுவதற்கு முன்னால் பர்லினின் பழைய ஓட்டைகளையும் அடைத்துவிடுங்கள், ஏற்றிய பிறகு அங்கே கை போகாது. நாங்கள் அந்த இடத்தில் மட்டும் இரண்டு ஷீட்டைத் திரும்பக் கழற்றித்தான் அடைத்தோம்.