தீப் பாதுகாப்புப் பயிற்சி டிரெய்லர்: புகை தரையில் படிகிறது, கதவுச் சூடு எவ்வளவு, ஜெனரேட்டர் எது?

தன்னார்வலர்_குழு (கேள்வி)

பள்ளிகளுக்கும் குடியிருப்புகளுக்கும் கொண்டுபோய்த் தீப் பாதுகாப்பு சொல்லித்தர ஒரு மூடிய டிரெய்லரைத் தயார் செய்துகொண்டிருக்கிறோம். உள்ளளவு 6 மீட்டர் நீளம், 2.4 மீட்டர் அகலம், 2.2 மீட்டர் உயரம். இரட்டை ஆக்சில். நடுவில் தடுப்பு வைத்து முன்பக்கம் சமையலறை, பின்பக்கம் படுக்கையறை. படுக்கையறையில் சூடாகும் கதவு ஒன்று, வெளியேற ஒரு ஜன்னல். புகைக்கு மேடை நிகழ்ச்சிகளில் பயன்படும் ஃபாக் மெஷின், 1200 வாட்.

முதல் சிக்கல் புகைதான். மெஷினைத் தரையில் ஒரு மூலையில் வைத்து ஓட்டினால் புகை முழங்கால் உயரத்திலேயே பரவுகிறது. நின்றால் முகம் தெளிவான காற்றில் இருக்கிறது, குனிந்து தவழ்ந்தால் புகைக்குள் போகிறது. நாம் சொல்லவேண்டிய பாடத்துக்கு நேர் எதிர். ஏசி ஓடும்போது இன்னும் மோசம்.

மற்றவை: கதவை எத்தனை டிகிரி சூடாக்கலாம்? 5 கேவிஏ ஜெனரேட்டர் போதுமா? ஒரு முறைக்கு எத்தனை பேரை உள்ளே விடலாம்? 40 பேர் உள்ள ஒரு வகுப்பை எப்படிச் சமாளிப்பது?

---

புகைக்கூடம்

புகைப் பிரச்சினையைச் சரிசெய்யும் வரை வண்டியை வெளியே எடுக்காதீர்கள். "தாழ்ந்து போ" என்று வாயால் சொல்லிவிட்டு, தாழ்ந்தால் மூச்சு முட்டும் அறையைக் காட்டினால், குழந்தையின் உடம்பு நினைவில் வைப்பது அறையைத்தான்.

காரணம் இது. உண்மையான தீயின் புகை சூடானது, அதனால் மேலே ஏறிக் கூரையில் அடுக்காகத் தேங்கி, அங்கிருந்து கீழே இறங்கி வரும். ஃபாக் மெஷினின் புகையோ கிளைக்கால் (glycol) என்ற பிசுபிசுப்பான திரவம் கலந்த நீரின் நுண்துளிகள். மெஷினின் மூக்கிலிருந்து வரும்போது சூடாக இருக்கும், ஒரு மீட்டர் போவதற்குள் ஆறிவிடும், ஆறினதும் இறங்கிவிடும். ஏசியின் குளிர்காற்று அதை இன்னும் வேகமாகத் தரைக்குத் தள்ளுகிறது.

செய்யவேண்டியது: மெஷினை உயரத் தட்டில் வையுங்கள், அல்லது 100 முதல் 150 மில்லிமீட்டர் விட்டமுள்ள வளையும் குழாய் வழியாகப் புகையை மேலே கொண்டுபோய், கூரைக்கு ஒரு சாண் கீழே, கூரைக்கு இணையாக ஊதும்படி விடுங்கள். குழாயை மெஷின் மூக்கோடு இறுக்கி மாட்டக்கூடாது. நான்கைந்து சென்டிமீட்டர் இடைவெளி விட்டால் சுற்றுக் காற்றும் சேர்ந்து உள்ளே போகும். இறுக்கி மாட்டினால் புகை குழாய்க்குள்ளேயே குளிர்ந்து திரவமாகி, மறுமுனையில் சொட்டும். அந்தச் சொட்டு வினைல் தரையில் விழுந்தால் எண்ணெய் போல வழுக்கும். தவழ்பவர்களுக்கு ஆபத்தில்லை, ஜன்னல் படியில் கால் வைப்பவர்களுக்கு ஆபத்து. குழாயின் தாழ்ந்த இடத்தில் ஒரு சிறு துளையும் கீழே ஒரு டப்பாவும் வைத்துவிடுங்கள்.

ஏசியைப் புகை விடுவதற்கு முன்பே நிறுத்துங்கள். கதவிடுக்கில் காற்று வருகிறதா என்று ஒரு மெல்லிய காகிதத் துண்டைப் பிடித்துப் பார்த்து அடையுங்கள். இரண்டு மூன்று விநாடி புகை, பிறகு பதினைந்து விநாடி பொறுமை, மறுபடி இரண்டு விநாடி. தொடர்ந்து அழுத்திப் பிடித்தால் அறை முழுவதும் ஒரே வெள்ளையாகிவிடும், மேலடுக்கு கீழடுக்கு என்ற வித்தியாசமே போய்விடும். சுவரில் தரையிலிருந்து ஒரு மீட்டர் உயரத்தில் சுற்றிலும் கருப்பு நாடா ஒட்டுங்கள். இயக்குபவர் கேமராவில் அந்த நாடாவைப் பார்த்துக்கொண்டே இருக்கவேண்டும். நாடா மறையத் தொடங்கினால் நிறுத்த வேண்டியதுதான்.

இந்த அடுக்கு ஓரிரு நிமிடம்தான் நிற்கும், பிறகு இறங்கும். ஆகவே ஆட்கள் உள்ளே தயாராக உட்கார்ந்த பிறகு புகை விடுங்கள். முன்கூட்டி நிரப்பி வைப்பதில் பயனில்லை.

வெளியேற்றும் விசிறி: உங்கள் அறைகளின் மொத்தக் கொள்ளளவு கிட்டத்தட்ட 32 கன மீட்டர். மணிக்கு 1000 கன மீட்டர் இழுக்கும் விசிறி ஒரு முறை காற்றை மாற்றவே இரண்டு நிமிடம் எடுக்கும், அது போதாது. மணிக்கு 2000 கன மீட்டராவது வேண்டும், எதிர்ச் சுவரில் காற்று நுழையும் திறப்பும் வேண்டும். திறப்பு இல்லாமல் விசிறி மட்டும் இருந்தால் சுற்றும், இழுக்காது. ஒரே பெரிய சிவப்புப் பொத்தானில் மூன்றும் நடக்கட்டும்: புகை நிற்கவேண்டும், விசிறி ஓடவேண்டும், எல்லா விளக்கும் எரியவேண்டும். அந்தப் பொத்தான் உள்ளே ஒன்று, இயக்குபவரிடம் ஒன்று.

திரவம் அந்த மெஷினுக்கென்று விற்கும் நீர் சார்ந்ததாக மட்டும் இருக்கட்டும். உலர் பனி வேண்டாம். அது வெளியிடும் கார்பன் டை ஆக்சைடு மூடிய அறையில் ஆக்சிஜனைத் தள்ளிவிடும், அதுவும் குழந்தைகள் தவழும் தரை மட்டத்தில். வண்ணப் புகைக் குண்டு, வைக்கோல் கொளுத்துவது எதுவும் கூடாது. ஆஸ்துமா உள்ளவர்களை வரிசையிலேயே கேட்டறிந்து, புகையில்லாமல் அதே பாதையில் தவழவிடுங்கள்.

ஒன்று மறந்துவிடுவார்கள்: கூரையில் மாட்டும் ஸ்மோக் அலாரம். ஒளி உணரியால் இயங்கும் வகை இந்தப் புகைக்கு அடிக்கும்தான், ஆனால் கிளைக்கால் படலம் உணரி அறைக்குள் படிந்து கொஞ்ச நாளில் தேவையில்லாமல் கத்தும், அல்லது கத்தவேண்டிய நேரத்தில் கத்தாது. உள்ளே உணரி இல்லாத, வெளிக்கூடு மட்டும் உள்ள அலாரத்தை மாட்டி, ஒலியை இயக்குபவரே ரிமோட்டில் கொடுப்பதுதான் நம்பகமானது.

---

மின்பணியாளர்

கதவு: 43 டிகிரிக்கு மேல் வேண்டாம். 44 டிகிரியில் தோல் புண்ணாக மணிக்கணக்கில் தொட்டுக்கொண்டிருக்கவேண்டும், 60 டிகிரி உலோகத்தில் ஐந்து விநாடி போதும். குழந்தைகளின் தோல் இன்னும் மெல்லியது.

சிலிக்கோன் ரப்பர் ஹீட்டர் பேடை (மின்சாரத்தில் சூடாகும் விரிப்பு) இரண்டு மூன்று மில்லிமீட்டர் அலுமினியத் தகட்டின் பின்னால் ஒட்டுங்கள், தகடு சூட்டைச் சமமாகப் பரப்பும். சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட்டின் உணரியைத் தகட்டின் மூலையில் வைப்பவர்கள் உண்டு. மூலை எப்போதும் நடுவைவிடக் குளிர்ந்திருக்கும், அது 43 காட்டும்போது நடு அதைவிடப் பல டிகிரி சூடாகியிருக்கலாம். பேடின் நடுவிலேயே வையுங்கள். தெர்மோஸ்டாட் ஒட்டிக்கொண்டால் காப்பாற்ற, அதோடு சம்பந்தமில்லாத மின்சாரத்தைத் துண்டிக்கும் இன்னொரு கட்ஆஃப் 50 டிகிரியில், கையால் ரீசெட் செய்யும் வகையில் தனியாகத் தொடரில் இருக்கவேண்டும். இரண்டும் இல்லாமல் மின்சாரம் கொடுக்காதீர்கள்.

வெயிலில் நிறுத்திய வண்டிக்குள் எல்லாமே நாற்பது டிகிரியை நெருங்கிவிடும். அப்போது 43 டிகிரிக் கதவு சூடாகவே தெரியாது, சூட்டை உயர்த்தலாமா என்று கை துறுதுறுக்கும். உயர்த்தாதீர்கள். கதவுப் பக்கம் நிழலில் வருமாறு வண்டியை நிறுத்துங்கள், குழுக்களுக்கு நடுவில் ஏசி போட்டு அறையைக் குளிர வையுங்கள். பக்கத்தில் சூடாக்காத இன்னொரு தகட்டையும் மாட்டிப் புறங்கையால் இரண்டையும் தொட்டுப் பார்க்கச் சொன்னால் வித்தியாசம் உடனே புரியும். குளிர்ந்த கதவு என்றால் அந்தப் பக்கம் தீ இல்லை என்று சொல்லிவிடாதீர்கள். கனமான மரக்கதவு சூடாக நேரமாகும். இடுக்கில் புகை வருகிறதா என்பதையும் பார்க்கச் சொல்லுங்கள்.

ஜெனரேட்டர்: ஃபாக் மெஷின் 1200, ஏசி 1500, பேட் 200, விசிறிகள் 300, விளக்கு, கேமரா, ஒலி சேர்த்து 300. மொத்தம் 3500 வாட். 5 கேவிஏ என்றால் 0.8 பவர் ஃபேக்டரில் 4000 வாட். கணக்குக்குச் சரி, ஆனால் ஏசி கம்ப்ரஸர் கிளம்பும் நொடியில் பல மடங்கு மின்னோட்டம் கேட்கும், மின்னழுத்தம் விழுந்து கேமராக்கள் அணைந்துவிடும். மேலே சொன்னபடி புகையின்போது ஏசி வேண்டாம் என்பதால், ஃபாக் மெஷினும் ஏசியும் ஒரே நேரத்தில் ஓடாதபடி ஒரு சேஞ்ச்ஓவர் சுவிட்ச் போட்டுவிடுங்கள். 5 கேவிஏ தாராளமாகப் போதும். மெஷின் சூடேற ஐந்து முதல் எட்டு நிமிடம் ஆகும், அதைக் கணக்கில் வைத்து மாற்றுங்கள்.

ஜெனரேட்டரை வண்டியிலிருந்து குறைந்தது 6 மீட்டர் தள்ளி, காற்று வீசிப் போகும் திசையில், புகைபோக்கி வண்டிக்கு எதிர்ப்பக்கம் பார்க்கும்படி வையுங்கள். உள்ளே கார்பன் மோனாக்சைடு அலாரம் கட்டாயம். 30 மில்லிஆம்பியர் ஆர்சிடி (மின்கசிவு வந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும் கருவி) போட்டால் மட்டும் போதாது: பல சிறிய ஜெனரேட்டர்களில் நியூட்ரல் எர்த்தோடு இணைக்கப்படாமல் மிதக்கும், அப்போது கசிவு வந்தாலும் ஆர்சிடி டிரிப் ஆகாமல் போகலாம். தகுதியுள்ள எலெக்ட்ரீஷியனைக் கொண்டு அந்த இணைப்பைச் சரிபார்த்து, எர்த் கம்பியும் அடித்து, ஒவ்வொரு இடத்திலும் டெஸ்ட் பொத்தானை அழுத்திப் பாருங்கள். ஒற்றைக் கம்பி ஒயர் வேண்டாம், சாலை அதிர்வில் திருகுக்கு அருகிலேயே ஒடியும். பல இழை ஒயரும், அதன் முனையில் அழுத்தி மாட்டும் லக்கும் போடுங்கள்.

---

பயிற்றுநர்

ஒரு முறைக்கு எட்டுப் பேர். உள்ளே ஒரு பயிற்றுநர், ஜன்னலுக்கு வெளியே ஒருவர், இயக்குபவர் ஒருவர். பேச்சும் பயிற்சியும் சேர்த்து 18 நிமிடம், அதில் புகைக்குள் இருப்பது ஒன்றரை நிமிடத்துக்கு மேல் வேண்டாம். 40 பேர் என்றால் ஐந்து குழு, ஒன்றரை மணி நேரம். மீதி 32 பேர் வெயிலில் சும்மா நின்றால் அவர்களிடம் கவனம் மிஞ்சாது. வெளியே ஒரு மேசையில் வீட்டு வரைபடம் வரையச் சொல்லுங்கள்: ஒவ்வொரு அறைக்கும் இரண்டு வழி, வெளியே எல்லோரும் கூடும் ஓர் இடம். அவசர அழைப்பில் முகவரி சொல்லும் பயிற்சியையும் அங்கேயே முடிக்கலாம்.

எனக்கு அதிகக் கவலை ஜன்னல் பற்றித்தான். டிரெய்லர் தரைமட்ட வீடு. ஜன்னல் வழியே இறங்கு என்று அது சொல்லித்தருவது தரைத்தளத்தில் இருப்பவருக்குச் சரி. ஐந்தாம் மாடிக் குழந்தைக்கு அதே பாடம் உயிராபத்து. அடுக்குமாடிக்குப் போகும் நாளில் ஜன்னலைப் பூட்டிவிட்டு வேறு பாடம் நடத்துங்கள்: புகையில்லாத படிக்கட்டு இருந்தால் அது, லிஃப்ட் கூடாது. வெளியே போக முடியாவிட்டால் கதவைச் சாத்து, அடியிடுக்கில் துணியைத் திணி, அவசர எண்ணுக்கு எந்த மாடி எந்த அறை என்று சொல், ஜன்னலில் நின்று வெளிர்நிறத் துணியை ஆட்டு. டிரெய்லர் கதவு இதற்கு அருமையாகப் பயன்படும். சாத்திய கதவு எவ்வளவு புகையைத் தடுக்கிறது என்பதை இயக்குபவர் ஓர் அறையில் மட்டும் புகை விட்டுக் காட்டலாம். அதைக் கண்ணால் பார்த்தவர்கள் இரவில் படுக்கையறைக் கதவைச் சாத்தத் தொடங்குவார்கள்.

சமையலறையில் நிஜத் தீ வேண்டாம், எல்இடி விளக்கு போதும். பெரியவர்களுக்கு எண்ணெய்ச் சட்டிப் பாடம்: அடுப்பை அணை, மூடியைப் பக்கவாட்டிலிருந்து நகர்த்தி மூடு, ஆறும்வரை திறக்காதே. தண்ணீர் ஏன் கூடாது என்று காரணத்தோடு சொல்லுங்கள்: ஒரு லிட்டர் நீர் ஆவியானால் கிட்டத்தட்ட 1700 லிட்டராகும். எண்ணெய்க்கு அடியில் போய் அந்த அளவுக்கு விரியும்போது எரியும் எண்ணெயையே தூக்கி வீசும். காலிச் சட்டியில் மூடியை நகர்த்திக் கையால் செய்யவேண்டும். மேலிருந்து பொத்தென்று போடுபவர்கள்தான் அதிகம், மூடி தீயை மறைப்பதற்குள் கை அதன்மேல் போய்விடும். சிறுவர்களுக்கு இந்தப் பாடமே வேண்டாம். "வெளியே போ, பெரியவரிடம் சொல்" என்பதோடு நிறுத்துங்கள்.

அலாரம் பற்றி ஒரு விஷயம் பெற்றோரிடம் கட்டாயம் சொல்லவேண்டும். வழக்கமான அலாரத்தின் கீச்சு ஒலி 3000 ஹெர்ட்ஸைச் சுற்றியது. ஆழ்ந்து தூங்கும் குழந்தைகள் பலர் அதற்கு எழுவதில்லை. முதியவர்களுக்கு முதலில் மங்குவதும் இப்படிப்பட்ட உயர்ந்த ஒலிகள்தான். 520 ஹெர்ட்ஸ் தாழ்ந்த ஒலி இருவரையும் நன்றாக எழுப்புகிறது. கிடைத்தால் அதை வாங்கலாம். கிடைக்காவிட்டால், யார் யாரை எழுப்பவேண்டும் என்பது வீட்டுத் திட்டத்திலேயே எழுதியிருக்கவேண்டும்.

மின்னி மின்னி எரியும் ஸ்ட்ரோப் விளக்கைத் தவிருங்கள், வலிப்பு உள்ளவர்களுக்கு ஆகாது. மிகச் சிறியவர்களுக்கு முதலில் முகமூடியும் சீருடையும் போட்ட தீயணைப்பு வீரரை வெளிச்சத்தில் காட்டுங்கள். அந்த உருவத்தைப் பார்த்துக் கட்டிலுக்கடியில் ஒளிந்துகொள்ளும் குழந்தையை மீட்பது கடினம்.

---

இழுவை_வண்டி

இழுப்பது பற்றி யாரும் சொல்லவில்லை, சுருக்கமாகச் சொல்கிறேன். மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் ஹிட்சில் (டிரெய்லரை இழுக்கும் வண்டியோடு மாட்டும் இணைப்பில்) இறங்கவேண்டும். படுக்கையறையும் கதவும் பின்னால் என்பதால் உங்கள் வண்டி பின்கனமாகும் வாய்ப்பு அதிகம், பின்கனமானால் வேகத்தில் வால் ஆடும். ஜெனரேட்டரையும் தண்ணீர்க் கேனையும் ஆக்சிலுக்கு முன்னால் ஏற்றி, எடைபோட்டுப் பாருங்கள். நிறுத்தியதும் முதலில் சக்கரத்துக்குக் கட்டை, பிறகுதான் ஹிட்ச் கழற்றுவது. மூலை ஜாக்குகள் ஆட்டத்தை நிறுத்தத்தான், வண்டியைத் தூக்க அல்ல. எட்டுப் பேர் ஒரே பக்க ஜன்னலுக்கு நகரும்போது ஜாக் இல்லாவிட்டால் வண்டி சாயும், உள்ளே இருப்பவர்கள் பயந்துவிடுவார்கள்.

---

தன்னார்வலர்_குழு

மெஷினைத் தட்டுக்கு ஏற்றி, குழாயில் இடைவெளி விட்டுப் பார்த்தோம். அடுக்கு நிற்கிறது, நாடா தெரிகிறது. மிக்க நன்றி. இன்னும் இரண்டு: சக்கர நாற்காலியில் வருபவர்களுக்கு என்ன செய்வது? பயிற்சி பலித்ததா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

---

பயிற்றுநர்

சரிவுப் பலகை 1:12 சாய்வில் வேண்டும். டிரெய்லர் தளம் 60 சென்டிமீட்டர் உயரம் என்றால் 7.2 மீட்டர் பலகை, வண்டியைவிட நீளம். செங்குத்தான குட்டைப் பலகையில் நாலு பேர் பிடித்துத் தள்ளி ஏற்றாதீர்கள். பக்கவாட்டில் ஒரு கூடாரம் போட்டு, அதில் கட்டில், கதவு, அலாரம் மூன்றையும் வைத்து அதே பாடத்தை நடத்துங்கள். தவழ முடியாதவருக்குக் கதவைச் சாத்திக்கொள்வது, அழைப்பது, படுக்கைக்குக் கையெட்டும் தூரத்தில் தொலைபேசி வைப்பது ஆகியவைதான் முதன்மை.

பலன் அறிய, "பிடித்ததா" என்று படிவம் கொடுக்காதீர்கள். வெளியே வந்ததும் மூன்று பேரைக் கூப்பிட்டு, கதவை எப்படித் தொடுவாய், செய்து காட்டு என்று கேளுங்கள். மூன்று மாதம் கழித்து அதே பள்ளியில் முன்னறிவிப்பின்றி அதையே கேளுங்கள். வீட்டு வரைபடத்தைப் பெற்றோர் கையொப்பத்தோடு திருப்பி அனுப்பச் சொல்லுங்கள், எத்தனை வந்தது என்பது எத்தனை வீட்டில் பேசினார்கள் என்பதற்குக் கணக்கு. கையொப்பம் வராத வீடுகளின் பட்டியலை வகுப்பாசிரியரிடம் கொடுத்து, அந்த வீடுகளில் அலாரம் இருக்கிறதா என்று கேட்டுவரச் சொல்லுங்கள். இல்லாத வீட்டுக்கு அலாரத்தையும் ஏணியையும் எடுத்துக்கொண்டு நேரில் போய் மாட்டிவிட்டு வரலாம்: கூரையில், அடுப்பிலிருந்து 3 மீட்டராவது தள்ளி, தூங்கும் அறைக்கு வெளியே ஒன்று, முடிந்தால் உள்ளேயும் ஒன்று. மாட்டிய தேதியைப் பின்புறம் எழுதிவிடுங்கள், பத்து வருடத்தில் மாற்றவேண்டும்.