எச்சரிக்கை முன்னேறியது, நிவாரணம்? உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

கடைமடைக்காரன், வேதாரண்யம் பக்கம்:

சுனாமி, கஜா புயல் இரண்டையும் ஒரே ஊரில் இருந்து பார்த்தவன் நான். 2004 டிசம்பர் 26 அன்று சுமத்ரா அருகே பூமி அதிர்ந்தபோது நம் நேரப்படி காலை ஆறரை மணி. நாகைக் கரைக்கு அலை வர ஒன்பது மணி ஆகிவிட்டது. நடுவில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருந்தும் யாரும் வந்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்வதற்கு ஏற்பாடே கிடையாது. எங்கள் மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல் இறந்தார்கள்.

அதற்கு அப்புறம்தான் 2005-இல் பேரிடர் மேலாண்மைச் சட்டம், அரக்கோணத்தில் தேசிய பேரிடர் மீட்புப் படை, 2007-இல் ஐதராபாத்தில் சுனாமி எச்சரிக்கை மையம் எல்லாம் வந்தன. அந்தச் சட்டம் எங்கள் தெருவரை வந்ததை 2018 நவம்பரில் பார்த்தேன். கஜாவுக்கு முந்தின நாளே ஆட்டோவில் மைக் கட்டிச் சொன்னார்கள். வி.ஏ.ஓ. வீடு வீடாக வந்து கூரை வீட்டுக்காரர்களைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினார். வரமாட்டேன் என்று அடம்பிடித்த எங்கள் பெரியம்மாவைக் கையைப் பிடித்து அழைத்துப்போனார்கள். விடிந்து பார்த்தால் அவர் வீட்டில் சுவரே நிற்கவில்லை. அவர் உயிரோடு இருப்பது அந்த ஏற்பாட்டால்தான்.

ஆனால் புயல் போன பிறகு? விழுந்த தென்னைக்கு 600 ரூபாய், வெட்டி அப்புறப்படுத்த 500, ஆக மரத்துக்கு 1,100. புதுக் கன்று காய்ப்புக்கு வர ஐந்தாறு வருஷம் ஆகும். அதுவும் பட்டா இருந்தால்தான் எளிதாகக் கிடைத்தது. வாய்ப்பேச்சில் குத்தகை எடுத்தவர், மரமேறுபவர், கீற்று முடையும் பெண்கள் எந்தக் கணக்கில் வருவார்கள்? எங்கள் தெருவில் கீற்று முடைந்து பிழைத்த குடும்பங்கள் திருப்பூருக்குப் போய்விட்டன. நிவாரண விதிகள் உடனடி உதவியை நினைத்து எழுதப்பட்டவை. பிழைப்பை இழந்தவர்களையும் கணக்கெடுக்கும்படி அவை மாற வேண்டும்.

கடற்கரைப் பெண், கன்னியாகுமரி:

அண்ணே, கரையில் இருப்பவர்களுக்கு நீங்கள் சொல்வது சரி. 2017 ஒக்கி புயலின்போது எங்கள் ஆட்கள் ஆழ்கடலில் இருந்தார்கள். தங்கல் தொழில், போனால் வாரக்கணக்கில் திரும்பமாட்டார்கள். அறிவிப்பு வந்தபோது வயர்லெஸ் எட்டாத தூரத்தில் நின்றார்கள். தேடச் சொல்லி எங்கள் மக்கள் குழித்துறையில் ரயிலை மறித்து உட்கார்ந்தார்கள். காணாமல் போனவரை இறந்தவராகக் கொள்ள ஏழு வருஷம் ஆக வேண்டும் என்ற விதிக்காகக் காத்திருக்காமல் அந்தக் குடும்பங்களுக்கு 20 லட்சம் கொடுத்தது பெரிய மாற்றம், அதை மறுக்கமாட்டேன். இப்போது நம் நாட்டு நாவிக் செயற்கைக்கோள் வழியாக எச்சரிக்கை வாங்கும் கருவியும் வந்திருக்கிறது. எல்லாப் படகிலும் அது இருக்க வேண்டும். கொடுத்ததோடு விட்டுவிடாமல், வேலை செய்கிறதா என்று ஒவ்வொரு சீசனுக்கு முன்னும் வந்து பார்க்க வேண்டும்.

முந்திரித்தோப்பு, பண்ருட்டி:

2011 தானே புயலில் எங்கள் முந்திரியும் பலாவும் சாய்ந்தன. பட்டா பேரில் சிக்கல் இருந்ததால் நாங்களும் அலைந்தோம். ஒன்று மட்டும் சொல்கிறேன்: கணக்கெடுப்பு முடியும்வரை மரத்தை அகற்றாதீர்கள், வழியை அடைத்தால் போட்டோ எடுத்துவிட்டு அகற்றுங்கள். குத்தகைக்காரர்கள் இப்போதே ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வாங்கி வையுங்கள்.