"டெவலப்மென்ட் கிளாஸ்" தமிழ்ல என்ன? வெள்ளிக்கிழமைக்குள்ள வேணும்

பாளையங்கோட்டையிலிருந்து:
அண்ணாச்சிமாரே, சிறுவர் அறிவியல் இதழுக்கு ரேஸ் கேட்டமரான், அதாவது ரெண்டு அடிப்பாகத்த இணைச்ச பந்தயப் பாய்ப்படகு பத்தி ஒரு கட்டுரை மொழிபெயர்க்கேன், இந்த ஒரு சொல்லுலயே ரெண்டு நாளா நிக்குது. லேசர்ங்கிற பந்தயப் படகு வகை மாதிரின்னா எல்லாப் படகும் ஒரே அச்சு. இந்த ஏ கிளாஸ் கேட்டமரான்தான் டெவலப்மென்ட் கிளாஸ், அதுல அப்படியில்ல, நீளம் 5.49 மீட்டர், அகலம் 2.30, பாய்மரத்தயும் சேத்து பாய் 13.94 சதுர மீட்டர், இதத் தாண்டக் கூடாது, எடை 75 கிலோவுக்குக் குறையக் கூடாது, மத்தபடி மேனிய, அதான் தண்ணியில மிதக்குற படகோட உடம்ப, எப்படியும் செதுக்கிக்கிடலாம். 'வளர்ச்சி வகுப்பு'ன்னு போட்டா ஊராட்சி ஒன்றியத் திட்டம் மாதிரி இருக்கு.

தென்காசி தமிழாசிரியர்:
வளர்வகை. வினைத்தொகை. வளர்ந்த, வளர்கிற, வளரும் மூணும் அடங்கிட்டு, போன வருச டிசைனும் இனி வரப்போறதும் உள்ளதான். அப்புறம் கேட்டமரான்னு எழுதாதீங்க, நம்ம கட்டுமரந்தானே அங்க போயி உருமாறுனது.

உவரிக்காரர்:
சார்வாள், கட்டுமரம்னா மரத்த வரிஞ்சு கட்டுறது, உள்ளுக்கு கூடு கிடையாது, மேலேறுன அலை இடுக்கு வழியா வழிஞ்சு போயிரும். அவங்க ஓட்டுறது ரெண்டு மேனி. கட்டுமரம்னு போட்டா எங்க ஊர்ப் பிள்ளைய சிரிக்கும், இரட்டைமேனின்னு போடுங்க. வளர்வகைன்னா மீன் வளர்ப்பு மாதிரில்லா கேக்கு.

தென்காசி தமிழாசிரியர்:
இரட்டைமேனியா? 'இணைப்புணை' இருக்கே! புணைன்னா தெப்பம். புணை, பிணை, புணர் எல்லாம் ஒரே வேர்தான்ங்கது என் கட்சி, சேருறதுன்னு பொருள், அதுலேருந்து புணர்ச்சி விதி வரைக்கும் போகலாம்...

தூத்துக்குடி பொறியாளர்:
போக வேண்டாம் சார், வெள்ளிக்கிழமை வந்துரும். இதுல முக்கியம் வளர்ச்சியில்ல, வரம்பு. விதி எதச் சொல்லாம விட்டுச்சோ அங்கதான் மூளை வேலை செய்யுது. படகத் தண்ணிக்கு மேல தூக்குற அடிச்சிறகு வந்துரக் கூடாதுன்னு, சிறக மேனிக்கு மேலேருந்துதான் சொருகணும், ரெண்டு பக்கச் சிறகுக்கும் நடுவுல குறைஞ்சது 1.5 மீட்டர் இருக்கணும்னு விதி போட்டாங்க. அதுக்குள்ளயே அந்தச் சிறகுப் பலகைய வளைச்சு மடிச்சு பறந்துட்டாங்க! கடைசியில பறக்குறவங்க ஓப்பன், பறக்காதவங்க கிளாசிக்னு பிரிச்சு ஓட்ட வேண்டியதாப் போச்சு. அதனால வரம்புவகை.

தென்காசி தமிழாசிரியர்:
வரப்புயர நீருயரும்னு ஔவை, இங்க வரப்ப உயர்த்துனா படகே உயருது போல. ஆனா தம்பி, வரம்பு லேசருக்குத்தானே அதிகம்? அப்ப வரம்புவகை அதுல்லா?

தூத்துக்குடி பொறியாளர்:
...அது சரிதான். 'வரம்புள் வகை'ன்னா?

பாளையங்கோட்டையிலிருந்து:
ஐயோ வேண்டாம், அச்சுப்பிழைன்னு நெனச்சு எடிட்டர் திருத்திருவார். வளர்வகைக்குத்தான் ஆள் அதிகம், அதயே போட்டு 'வரம்புக்குள் விருப்பம்போல் கட்டும் படகு வகை'ன்னு கீழ ஒரு வரி சேத்துடுதேன். கட்டுமரம் இல்ல, இரட்டைமேனி.

உவரிக்காரர்:
போட்டுக்கிடுங்க. கடக்கரையில ஒருத்தனும் வளர்வகைன்னு சொல்ல மாட்டான், டிசைன் போட்டின்னா படக்குனு புரியும். ஆமா, அந்த அடிச்சிறகு முடிவாயிட்டா?

தென்காசி தமிழாசிரியர்:
இல்ல இல்ல, அதுக்குத் தனி இழை தொடங்குங்க. சிறை, சிறகு பத்தி நான் கொஞ்சம் எழுத வேண்டியிருக்கு.