புதுப்பிப்பு: அம்மாவின் பட்டுப் புடவைகளைப் பிரித்துக் கொடுத்த விதம்

அம்மா மறைந்த பின் அவருடைய பட்டுப் புடவைகள் நிறைந்த பீரோவைக் காலி செய்ய மனம் வரவில்லை என்று முன்பு எழுதியிருந்தேன். யோசனை சொன்ன அனைவருக்கும் நன்றி.

ஒவ்வொன்றையும் படமெடுத்து வைத்துக்கொள்ளும் யோசனை எங்களுக்கு உதவவில்லை. படம் எடுக்க எடுக்கப் பற்று கூடத்தான் செய்தது. பலன் தந்தது, எதைக் கொடுப்பது என்று பார்க்காமல் யார் உடுத்துவார் என்று பாருங்கள் என்ற ஆலோசனைதான். சித்தியையும் அத்தை மகள்களையும் வரவழைத்து, அவரவருக்குப் பிடித்ததை எடுத்துக்கொள்ளச் சொன்னதும் பெரும்பகுதி ஒரே மாலையில் போய்விட்டது. கூறைப் புடவையை மட்டும் நான் வைத்துக்கொண்டேன்.

எதிர்பாராத ஒன்றும் நடந்தது. நெடுங்காலம் மடிப்பு மாற்றாமல் கிடந்த சில புடவைகள், விரித்தவுடன் மடிப்பு வரியிலேயே கிழிந்தன. அப்படிக் கிழிந்தவற்றைத் தூக்கி எறிய வேண்டாம்: அசல் சரிகை என்பது பட்டு நூலின் மேல் வெள்ளி இழையைச் சுற்றித் தங்க முலாம் பூசியது என்பதால், பழைய சரிகை வாங்குவோர் அதிலுள்ள வெள்ளிக்கு விலை தருகிறார்கள். கொடுப்பதற்கு முன், சரிகையை லேசாகச் சுரண்டி உள்ளே சிவப்புப் பட்டு நூல் தெரிகிறதா என்று நீங்களே பார்த்துவிடுவது நல்லது. காஞ்சிபுரம் அசல் சரிகையில் பெரும்பாலும் அதுதான் இருக்கும். எங்களிடம் இருந்தவற்றில் பாதி போலிச் சரிகை. அவற்றைத் தலையணை உறைகளாகத் தைக்கக் கொடுத்திருக்கிறேன்.